வாளியை உதைத்தால் மரணமா? இங்கிலீஷ் மரபுத்தொடர்களின் வேடிக்கையும் விபரீதமும்

"பக்கத்து வீட்டுத் தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார்."

இதைத் தமிழர் ஒருவர் கேட்டால், "ஐயோ பாவம்! எப்போது?" என்று கேட்பார்.

அகராதியை வைத்துத் தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் கேட்டால், "எங்கே போட்டார்? தேடிப் பார்த்தீர்களா?" என்பார்.

அவரைப் பார்த்து நாம் சிரிப்போம். ஆனால், இங்கிலீஷ் படிக்கும்போது நம்மில் பலரும் அந்த வெள்ளைக்காரர் மாதிரிதான் திண்டாடுகிறோம்.

இங்கிலீஷில் "கிக் தி பக்கெட்" என்று ஒரு தொடர் உண்டு. "வாளியை உதை" என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் உண்மைப்பொருள் என்ன தெரியுமா? செத்துப்போவது! நம்முடைய "மண்டையைப் போடுதல்" மாதிரியே இதுவும் கொஞ்சம் கேலிப் பேச்சு. துக்க வீட்டில் சொல்லக்கூடாது.

இப்படி, சொற்களின் பொருள் ஒன்றாகவும், சேர்ந்து நிற்கும்போது பொருள் வேறாகவும் இருக்கும் தொடர்களுக்கு மரபுத்தொடர்கள் என்று பெயர்.

தமிழில் இவை ஏராளம். "கம்பி நீட்டினான்" என்றால் ஓடிவிட்டான். "கயிறு திரித்தான்" என்றால் பொய் சொன்னான். "காக்காய் பிடித்தான்" என்றால் முகஸ்துதி செய்தான். இவற்றைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாம் படிக்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டோம்.

இங்கிலீஷ் நம் வீட்டு மொழி அல்ல. அதனால் தேடித்தான் படிக்கவேண்டும்.

"படிக்காவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறீர்களா? இதோ ஒரு போர்க்களக் கதை!

ஒரு சொல்லால் வந்த விபரீதம்

1951-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது.

இம்ஜின் என்ற ஆற்றின் அருகே பிரிட்டிஷ் படைகள் நின்றன. எதிரே சீனப்படை. ஒருவருக்குப் பல பேர் என்ற கணக்கில் அது திரண்டு வந்தது. பிரிட்டிஷ் படையின் குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த வீரர்கள் ஒரு குன்றின் மீது சிக்கிக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் தளபதி பிரோடி. அவருக்கு மேல் அதிகாரி, அமெரிக்கத் தளபதி சூல்.

"நிலைமை எப்படி?" என்று அமெரிக்கர் கேட்டார்.

"எ பிட் ஸ்டிக்கி" என்றார் பிரிட்டிஷ்காரர். "கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது" என்பது இதன் நேர்ப்பொருள்.

பிரிட்டிஷ்காரர்களின் வழக்கம், பெரிய ஆபத்தையும் சிறியதாகச் சொல்வது. "கொஞ்சம் பிசுபிசுப்பு" என்று அவர்கள் சொன்னால், "பெரிய ஆபத்து, உடனே உதவி தேவை" என்று பொருள்.

அமெரிக்கருக்கு அந்த வழக்கம் தெரியாது. "சிறு தொல்லைதான். சமாளித்துக்கொள்கிறார்கள்" என்று அவர் நினைத்துவிட்டார். உதவியும் போகவில்லை. பின்வாங்கும் உத்தரவும் உரிய நேரத்தில் போகவில்லை. போர் வரலாறு எழுதியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்.

முடிவு? பலர் மாண்டார்கள். குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் வீரர்களில் 500-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

அந்தத் துயரத்துக்கு ஒரு சொல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எதிரிப்படை மிகப் பெரியது. ஆனாலும் அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்கிறார்கள்.

பேசியவருக்கும் தாய்மொழி இங்கிலீஷ். கேட்டவருக்கும் தாய்மொழி இங்கிலீஷ். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்!

மேஜையால் வந்த சண்டை

இன்னொரு கதை. இது இரண்டாவது உலகப்போர்க் காலத்தில் நடந்தது. இங்கிலாந்துப் பிரதமராக இருந்த சர்ச்சில், தம் போர் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஒரு விஷயத்தை "டேபிள்" செய்யவேண்டும் என்றார்கள். "கூடாது" என்று அமெரிக்கர்கள் மறுத்தார்கள். வாக்குவாதம் நீண்டது.

கடைசியில்தான் உண்மை வெளிவந்தது. "டேபிள்" என்றால் பிரிட்டிஷ்காரர்களுக்கு, மேஜையில் வைத்து உடனே பேசுவது. அமெரிக்கர்களுக்கோ, பேசாமல் ஒத்திப்போடுவது!

இரண்டு தரப்புக்கும் ஆசை ஒன்றுதான். உடனே பேசவேண்டும் என்பதே அந்த ஆசை. அதற்காகவே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நம் நாட்டில் வழங்குவது பிரிட்டிஷ் பொருள். சட்டசபையில் அறிக்கையை "மேஜையில் வைத்தார்கள்" என்று பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா? அது இதுதான்.

ஆஸ்பத்திரியில் கேட்கும் பேச்சு

போரும் சட்டசபையும் நமக்குத் தூரம். ஆஸ்பத்திரி அப்படி அல்ல.

உறவினரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறோம். இந்தத் தொடர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

"டச் அண்ட் கோ": "தொடு, போ" என்பது நேர்ப்பொருள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் ஊசலாடுகிறது, எதுவும் நடக்கலாம் என்பதே உண்மைப்பொருள்.

"அவுட் ஆஃப் தி வுட்ஸ்": "காட்டைவிட்டு வெளியே" என்பது நேர்ப்பொருள். ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்பது உண்மைப்பொருள். நல்ல செய்தி! ஆனால், "நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ்" என்று முன்னால் ஒரு "நாட்" வந்தால், ஆபத்து இன்னும் தீரவில்லை. அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்.

"அண்டர் தி வெதர்": "வானிலைக்குக் கீழே" என்று தோன்றும். உடம்பு சரியில்லை என்பதே பொருள். பெரிய வியாதிக்கு இதைச் சொல்வதில்லை.

"கிளீன் பில் ஆஃப் ஹெல்த்": பணம் கட்டவேண்டிய பில் அல்ல, பயப்படாதீர்கள்! நோய் எதுவும் இல்லை என்று பொருள். அந்தக் காலத்தில் கப்பல் புறப்படும்போது, "இந்தத் துறைமுகத்தில் தொற்றுநோய் இல்லை" என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அதிலிருந்து வந்த தொடர் இது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். டாக்டர் சொன்னது புரியாவிட்டால், "தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பணமும் வேலையும்

பணம் சம்பந்தப்பட்ட காகிதங்களில் இந்தத் தொடர்கள் இன்னும் ஆபத்தானவை.

"ஃபைன் பிரிண்ட்": "நேர்த்தியான அச்சு" என்று நினைக்கத் தோன்றும். "அபராதம்" என்றும் சிலர் நினைக்கலாம். இரண்டும் இல்லை. பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகள்தான் அது. கடன் பத்திரத்தில் வட்டியும் தண்டமும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"ஸ்டிரிங்ஸ் அட்டாச்ட்": "கயிறு கட்டியது" என்பது நேர்ப்பொருள். மறைமுகமான நிபந்தனை இருக்கிறது என்பது உண்மைப்பொருள். ஒருவர் இனாமாக ஏதாவது கொடுத்தால், கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஃபுட் தி பில்": பில்லை மிதிப்பது அல்ல. செலவை ஏற்றுப் பணம் கட்டுவது. "யூ வில் ஃபுட் தி பில்" என்றால் பணம் கட்டவேண்டியவர் நீங்கள்தான்!

"இன் தி ரெட்": "சிவப்பில் இருக்கிறது" என்பது நேர்ப்பொருள். வரவைவிடச் செலவு அதிகம், கணக்கில் கடன் விழுந்திருக்கிறது என்பது உண்மைப்பொருள். கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்தைச் சிவப்பு மையால் எழுதுவார்கள். அதிலிருந்து வந்தது.

"கெட் தி சாக்": சாக்கு கிடைத்தது என்று சந்தோஷப்படாதீர்கள். வேலை போய்விட்டது!

"கோல்டன் ஹேண்ட்ஷேக்": தங்கக் கைகுலுக்கல். வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு பெரிய தொகை கொடுத்து வழியனுப்புவது.

சின்னச் சொல், பெரிய மாயம்

இங்கிலீஷில் சின்னஞ்சிறு சொல் ஒன்று ஒட்டிக்கொண்டால், பொருள் தலைகீழாக மாறிவிடும். நம் தமிழில் "பார்" என்ற சொல்லோடு எத்தனை சேருகிறது! "பார்த்துக்கொள்" வேறு. "பார்த்துவிடுகிறேன்" வேறு. அதுபோலத்தான்.

"லுக்" என்றால் பார். "லுக் ஆஃப்டர்" என்றால் பராமரி. "லுக் இன்டு" என்றால் விசாரி. "லுக் டவுன் ஆன்" என்றால் ஏளனமாக நினை. "லுக் ஃபார்வர்ட் டு" என்றால் ஆவலோடு எதிர்பார்.

"புட்" என்றால் வை. "புட் ஆஃப்" என்றால் ஒத்திவை. "புட் அவுட்" என்றால் விளக்கையோ நெருப்பையோ அணை. "புட் அப் வித்" என்றால் பொறுத்துக்கொள்.

"டர்ன்" என்றால் திரும்பு. "டர்ன் அப்" என்றால் வந்து சேர். "டர்ன் டவுன்" என்றால் நிராகரி. உங்கள் மனுவுக்கு "டர்ன்ட் டவுன்" என்று பதில் வந்தால், மனு தள்ளப்பட்டது. மேலே முறையிட வழி உண்டா என்று கேளுங்கள். சும்மா காத்திருந்தால் நாள்தான் போகும்.

காலை இழுப்பதும் காலை வாருவதும்

சில தொடர்கள் தமிழ்த் தொடர் மாதிரியே இருக்கும். ஆனால் பொருள் வேறு. இவைதான் நம்மை நன்றாக ஏமாற்றும்.

இங்கிலீஷில் "புல் யுவர் லெக்" என்றால் "காலை இழுப்பது". வேடிக்கைக்காகக் கிண்டல் செய்வது என்று பொருள். நம் ஊரில் "காலை வாரிவிட்டான்" என்றால், நம்பியவனைக் கவிழ்த்துவிட்டான் என்று பொருள். இங்கிலீஷில் அது சிரிப்பு. தமிழில் அது துரோகம்!

"ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்" என்றால் "நீருக்கு வெளியே உள்ள மீன்". புது இடத்தில் கூச்சத்தோடு திருதிருவென்று விழிப்பவரை இப்படிச் சொல்வார்கள். தமிழில் "தரையில் விழுந்த மீன்போலத் துடித்தாள்" என்றால், தாங்கமுடியாத துயரம்.

ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆந்தை மாதிரி" என்று நம் ஊரில் ஒருவரைச் சொன்னால் சண்டைக்கு வருவார். இங்கிலீஷில் ஆந்தை அறிவின் சின்னம். "வைஸ் ஆஸ் அன் அவுல்" என்று வெள்ளைக்காரர் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்களைப் பெரிய அறிவாளி என்று புகழ்கிறார்!

நாடகக்காரர்களின் வழக்கம் இன்னும் வேடிக்கை. மேடை ஏறும் நடிகரைப் பார்த்து "பிரேக் எ லெக்" என்பார்கள். அதாவது, "காலை முறித்துக்கொள்!" இது சாபம் அல்ல, வாழ்த்து. நேராக வாழ்த்தினால் கெடுதல் வரும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. நம் வீட்டில் குழந்தைக்குத் திருஷ்டிப்பொட்டு வைப்பதில்லையா?

பொருத்தமான ஜோடிகள்

சில தொடர்களுக்குத் தமிழிலேயே நல்ல ஜோடி இருக்கிறது. ஜோடி தெரிந்தால் பொருள் மறக்காது.

1. "ஒரு கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வது" என்பது இங்கிலீஷ். "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்பது தமிழ். அவர்கள் பறவையை அடித்தார்கள். நாம் மாங்காய் அடித்தோம்.

2. "ஒருமுறை கடிபட்டவன் இருமுறை அஞ்சுவான்" என்பது இங்கிலீஷ். நம்முடையது, "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது."

3. "நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது" என்பது இங்கிலீஷ். நியூகாசில் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஊர். அங்கிருந்துதான் பல நூற்றாண்டுக் காலம் லண்டனுக்கு நிலக்கரி போயிற்று. அந்த ஊருக்கே நிலக்கரி கொண்டுபோனால் யார் வாங்குவார்? நம்முடைய பழமொழி, "கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?"

4. "ஆப்பிள் ஆஃப் மை ஐ" என்றால் "என் கண்ணின் ஆப்பிள்". பழைய இங்கிலீஷில் கண்ணின் பாவையையும் ஆப்பிள் என்றே சொன்னார்கள். நம் தாய்மார்கள் குழந்தையைக் கொஞ்சும் "கண்மணி"தான் அது!

5. "ஸ்பில் தி பீன்ஸ்" என்றால் "அவரையைக் கொட்டுவது". ரகசியத்தை வெளியே விடுவது என்று பொருள். நாம் "போட்டு உடைத்துவிட்டான்" என்கிறோம்.

பதினோராவது மணி எது?

"அட் தி லெவன்த் ஹவர்" என்று ஒரு தொடர். "பதினோராவது மணியில்" என்பது நேர்ப்பொருள். காலை 11 மணியா, இரவு 11 மணியா?

இரண்டும் இல்லை! கடைசி நேரத்தில் என்பதே பொருள்.

இது பைபிளில் வரும் திராட்சைத் தோட்டக் கதையிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்தில் சூரிய உதயத்திலிருந்து மணியைக் கணக்கிட்டார்கள். பகலுக்கு 12 மணி. பதினோராவது மணி என்றால், இன்றைய கணக்கில் மாலை சுமார் 5 மணி. வேலை முடிய ஒரு மணி நேரமே பாக்கி. அந்த நேரத்திலும் வேலைக்கு ஆள் எடுத்தார் தோட்டக்காரர். அதனால்தான் கடைசி நேரத்துக்கு அந்தப் பெயர்.

தமிழுக்கு வந்த விருந்தாளிகள்

இங்கிலீஷிலிருந்து வந்து தமிழிலேயே குடியேறிவிட்ட தொடர்களும் உண்டு.

"சிவப்பு நாடா" என்கிறோம். இங்கிலாந்தில் சர்க்கார் காகிதங்களையும் கோர்ட்டுக் காகிதங்களையும் சிவப்பு நாடாவால் கட்டிவைத்தார்கள். கட்டு அவிழ்வதே இல்லை. அதனால் சர்க்கார் தாமதத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

"முதலைக் கண்ணீர்" என்கிறோம். இரையைத் தின்னும்போது முதலை அழும் என்று மேல்நாட்டில் பழைய காலத்தில் நம்பினார்கள். அதனால் பொய் அழுகைக்கு அது பெயராயிற்று.

"தேனிலவு", "பனிப்போர்" ஆகியவையும் இப்படி வந்தவையே.

வந்த இடத்தில் குணம் மாறிய விருந்தாளியும் உண்டு. "கறுப்பு ஆடு" என்றால் இங்கிலீஷில், குடும்பத்துக்குக் கெட்ட பெயர் கொண்டுவந்த பிள்ளை. தமிழிலோ, கூட இருந்தே காட்டிக்கொடுப்பவன்!

கண்டுபிடிக்க ஐந்து வழிகள்

இப்படிப்பட்ட தொடர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யமுடியுமா? தேவை இல்லை. இந்த ஐந்து வழிகள் போதும்.

1. நேர்ப்பொருள் பைத்தியக்காரத்தனமாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஆபீசில் யாரும் வாளியை உதைக்கமாட்டார்கள்.

2. முன்வாக்கியத்தையும் பின்வாக்கியத்தையும் படியுங்கள். பேச்சு பணத்தைப் பற்றியா, நோயைப் பற்றியா, வேலையைப் பற்றியா என்று பாருங்கள். பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும்.

3. அகராதியில் தொடரின் முக்கியச் சொல்லைத் தேடுங்கள். "கிக் தி பக்கெட்" என்பதைக் "கிக்" என்ற சொல்லின் கீழோ, "பக்கெட்" என்ற சொல்லின் கீழோ காணலாம். செல்போனில் தேடுகிறவர்கள், ஒரு சொல்லை மட்டும் தேடாமல் முழுத் தொடரையும் தேடவேண்டும்.

4. சொற்களை மாற்றாதீர்கள். பெருமழைக்கு "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்பார்கள். அதாவது, பூனைகளும் நாய்களுமாகப் பெய்கிறது! அதை "டாக்ஸ் அண்ட் கேட்ஸ்" என்று திருப்பினால் சிரிப்பார்கள். "கம்பி நீட்டினான்" என்பதைத் "தடி நீட்டினான்" என்று சொன்னால் நாம் சிரிக்கமாட்டோமா?

5. மனுவிலும், வேலைக்கு எழுதும் கடிதத்திலும் மரபுத்தொடரைப் போடாதீர்கள். நேரான, எளிய சொற்களே அங்கே அழகு. மரபுத்தொடரைப் புரிந்துகொண்டால் போதும். எல்லா இடத்திலும் பயன்படுத்தவேண்டும் என்பது இல்லை.

பாட்டியின் பாடம்

இதற்குப் பணச்செலவு இல்லாத ஒரு வழி உண்டு. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாரத்துக்கு ஒரு தொடர் போதும். பள்ளியில் படிக்கும் பிள்ளை இங்கிலீஷ் தொடரை எழுதட்டும். பொருளை எல்லோருக்கும் சொல்லட்டும். பிறகு பாட்டியிடம், "இதற்கு நம் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கட்டும்.

பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பழமொழிகள் அவர் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு வருஷத்தில் 52 தொடர்கள் சேர்ந்துவிடும். பிள்ளைக்கு இங்கிலீஷும் வரும். பாட்டியின் தமிழும் அழியாது.

அதாவது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!